உண்ணி கடிச்சா எந்த டாக்டர்?

எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்பும் நண்பர்களே, விசா, லோன், ரூம்மேட் எல்லாம் யோசிச்சிருப்பீங்க. உண்ணியைப் பத்தி யோசிச்சீங்களா? சிரிக்காதீங்க.

பாஸ்டன், நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் படிக்கப் போனால் வார இறுதியில் காடு, மலைன்னு சுற்றுவீங்க. அங்குள்ள ஒரு வகை உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். பொரேலியா என்ற பாக்டீரியாதான் காரணம். பலருக்குக் கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவும். காய்ச்சல், அசதி, மூட்டுவலி வரும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரையை இரண்டு, மூன்று வாரம் சாப்பிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிக்கல் அதுக்கு அப்புறம்தான். சிலருக்கு மருந்து முடிந்து ஆறு மாதமாகியும் அசதியும் வலியும் போகாது. வேறு சிலருக்கு லைம் வந்ததற்கே ஆதாரம் இருக்காது, ஆனால் அதே அவஸ்தை. எல்லாவற்றுக்கும் 'நாள்பட்ட லைம்' என்று பெயர் வைத்து, மாதக்கணக்கில் டிரிப்ஸில் ஆன்டிபயாட்டிக் ஏற்றும் டாக்டர்கள் அங்கே உண்டு. அப்போ யாரிடம் போவது?

"எல்லாம் உன் மனப்பிரமை" என்று அனுப்பிவிடுகிறவர் வேண்டாம். 1970களில் கனெடிகட் மாநிலத்தின் லைம் ஊரில் பாலி மர்ரே என்ற அம்மாவுக்கும் அதுதான் நடந்தது. அவர் விடவில்லை. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் யாருக்கெல்லாம் மூட்டு வீங்குது என்று குறித்துவைத்து, 1975இல் சுகாதாரத் துறையிடம் சொன்னார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் காதுகொடுத்துக் கேட்டார். நோய் வெளிச்சத்துக்கு வந்தது.

ஆனா காதுகொடுத்துக் கேட்டால் மட்டும் போதாது. சுமார் மூன்று மாதம் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் 2001, 2016ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. போலி மருந்து எடுத்தவர்களைவிட இவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. டிரிப்ஸ் குழாய் வழியாகத் தொற்று ஏறி உயிர் போனதும் உண்டு என்று 2017இல் அமெரிக்காவின் சி.டி.சி. எச்சரித்தது.

அதனால் தொற்றுநோய் நிபுணரையே பாருங்க. நாலு கேள்வி கேளுங்க. லைம்னு எதை வைத்துச் சொல்றீங்க? ரத்தப் பரிசோதனை அங்கீகரிக்கப்பட்ட இரண்டு கட்ட முறையில் நடந்ததா? தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் கோளாறு மாதிரி வேறு காரணம் இருக்குமா? மருந்தை எப்போ நிறுத்துவோம்? கோபப்படாமல் பதில் சொல்றவர் நல்ல டாக்டர்.

நாமே கோடில் பக் வந்தால் முதலில் தோன்றிய காரணத்தோடு நிறுத்துவதில்லையே! நம் வலியை முழுசா நம்பணும், நாம் சொல்லும் நோயின் பெயரைச் சந்தேகப்படணும். என்னைக் கேட்டால், "இன்னும் தெரியலை, சேர்ந்து தேடுவோம்" என்கிற டாக்டரிடம்தான் போவேன். "கண்டிப்பா குணமாக்கிடுவேன், முன்பணம் கட்டுங்க" என்பவரிடம் அல்ல.

அதுக்கு முன்னாடி, மலையேறிவிட்டு வந்ததும் காலை ஒருமுறை நல்லா பாருங்க, மச்சி.