கேன்டீன் டெண்டரில் ஒரு வரி சேருங்கள்

பெறுநர்: துணைவேந்தர் அவர்கள், ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், திருப்பதி.

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் வழியில், குடிபாலா பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, மாங்காய் மண்டியில் இரண்டும் கலந்த ஒரு பாஷை. வாய் எதில் பேசினாலும் மனக்கணக்கு தமிழில்தான் ஓடும். இது கணக்குச் சொல்லும் கடிதம் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை இருக்கிறது. படித்துச் சொல்ல ஆள் கிடைப்பார்கள்.

விஷயம் சின்னது. கல்லூரி வளாகத்துக் கடையில் விற்கிற தீனியும் பானமும் எங்கிருந்து வருகின்றன, விளைவித்தவனுக்கு அதில் என்ன கிடைத்தது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடைக்காரருக்கு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது.

எங்களிடம் நான்கு ஏக்கரில் தோத்தாபுரி மா உண்டு. தமிழ்நாட்டில் பெங்களூரா என்பார்கள், கிளிமூக்கு என்பார்கள். ஆசையாக வாங்கித் தின்கிறவர்கள் குறைவு. அதன் வாழ்வும் சாவும் கூழ் ஆலையின் கேட்டில்தான். 2025 ஜூன் கடைசியில் ஓர் ஆலையின் கேட்டுக்கு முன்னால் டிராக்டரோடு இரண்டு ராத்திரி நின்றேன். டோக்கன் கையில் இருந்தது, முறை வரவில்லை. முதல் நாள் காய் கல்லாக இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் டிரெய்லரின் பலகை இடுக்கிலிருந்து சாறு சொட்ட ஆரம்பித்தது. தார் ரோட்டில் அது விழுந்த இடமெல்லாம் ஈ. எனக்கு முன்னால் நின்றவர் இறங்கி வந்து, தன் வண்டிக் காய் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது. ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் விளைச்சல் அமோகம். முந்தைய வருஷத்துக் கூழோ விற்காமல் ஆலைகளில் தேங்கிக் கிடந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு முடிவு செய்தது: ஆலை 8, அரசு 4. ஜூன் 7 அன்று வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் வரத் தடை போட்டார்கள். தடையை நீக்கச் சொல்லி கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மாநிலம் மோதிக்கொள்ளும் அளவுக்குப் போன காய்க்கு, அந்த 8 ரூபாய்கூட எல்லாக் கேட்டிலும் கிடைக்கவில்லை.

அதே வாரம் திருப்பதியில் படிக்கும் மகளைப் பார்க்கப் போனேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். வளாகத்துக் கடையில் உட்காரச் சொல்லி, வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று பத்து ரூபாய் மாம்பழப் பானம் ஒன்றை வாங்கித் தந்தாள். உறிஞ்சிக்கொண்டே கணக்குப் போட்டேன். பழப் பானம் என்று பெயர் வைக்கப் பழச்சாறு 10 சதவீதம் இருந்தால் போதும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. 150 மில்லி என்று வைத்தால் கூழ் 15 மில்லி. கொட்டையும் தோலும் போக ஏறக்குறைய பாதிதான் கூழாகும். ஆக 30 கிராம் காய். கிலோ 8 ரூபாய் என்றால் 24 காசு. கூழை இரண்டு மடங்காக ஊற்றினாலும் 48 காசு. பத்து ரூபாயில் அரை ரூபாய்கூட மரத்தடிக்கு வந்து சேரவில்லை. மீதி முழுவதும் கொள்ளை என்று நான் சொல்லவில்லை; சர்க்கரை, பாக்கெட், லாரி, வரி, கடைவாடகை எல்லாம் உண்டு. ஆனால் அந்த 24 காசு 36 ஆனால் எங்கள் வீட்டில் கடன் அடையும். குடிக்கிற பிள்ளைக்கு வித்தியாசமே தெரியாது.

கணக்கை மகளிடம் சொன்னேன். சொன்னதோடு நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை. தோழிகளோடு சேர்ந்து ஒரு தாள் தயார் செய்தாள். இந்தக் கடையின் பால் எந்த ஊர்ப் பால்? கடலை மிட்டாயின் வெல்லம் எந்த மண்டி வெல்லம்? மாம்பழப் பானத்தின் கூழ் எந்த ஆலையுடையது, அந்த ஆலை காய்க்கு என்ன விலை கொடுத்தது? டம்ளர் கழுவும் பையனுக்கு வயது என்ன, கூலி என்ன? முதலில் கடைக்காரரிடம் போனார்கள். “ஏஜென்சி வேன் வரும்மா, இறக்கிட்டுப் போவாங்க. எங்கேருந்து வருதுன்னு நான் கேட்டா அந்த டிரைவரே சிரிப்பான்” என்றாராம். நூற்றுச் சொச்சம் கையெழுத்தோடு அலுவலகத்துக்குப் போனார்கள். டெண்டரில் யார் கூடுதல் வாடகை தருகிறாரோ அவருக்குத்தான் கடை, அதில் இதெல்லாம் வராது, போய்ப் படிக்கிற வழியைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

“அதில் இதெல்லாம் வராது” என்ற அந்தப் பதில் பொய்யில்லை. ஒப்பந்தத்தில் இல்லாததை யார் கேட்டாலும் அதுதான் பதில். ஒப்பந்தத்தில் அது ஏன் இல்லை என்பதுதான் உங்களிடம் நான் கேட்பது.

எங்கிருந்து வந்தது என்ற கேள்வி திருப்பதிக்குப் புதிதல்ல. 2024 செப்டம்பரில் கோயில் லட்டு நெய்யில் கலப்படம் என்ற விவகாரம் வெடித்தபோது நாடு முழுக்க அதைத்தான் கேட்டது. கிலோ 320 ரூபாய்க்கு நல்ல நெய் கட்டுப்படியாகுமா என்று திருமலை தேவஸ்தான அதிகாரியே கேட்டார். அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. தவறு யாருடையது என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நம்மைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது: விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவன், மற்ற எதையும் பார்க்காமல் இருக்கவும் சேர்த்தே கையெழுத்துப் போடுகிறான்.

அதே மலையில் இன்னொரு பாடமும் உண்டு. 2016இல் தொடங்கிய ஆந்திர அரசின் இயற்கை வேளாண்மைத் திட்டத்தில் இருக்கும் உழவர்களிடமிருந்து, 2021 வாக்கில், நைவேத்தியத்துக்கும் பிரசாதத்துக்கும் தேவஸ்தானம் பொருள் வாங்கத் தொடங்கியது. கடலைப்பருப்பில் ஆரம்பித்து அரிசி, வெல்லம் என்று பட்டியல் நீண்டது. யார் விளைவித்தது, எப்படி விளைவித்தது என்று கேட்டு வாங்க முடியும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டது. மலைமேல் நடந்தது அடிவாரத்தில் நடக்காதா?

பிள்ளைகள் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கதை சொல்கிறேன். இரண்டிலும் பொருள் ஒன்றுதான், கோலா.

முதல் கதை அமெரிக்காவில். கேரளத்தின் பிளாச்சிமடையில் 2002இல் மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் கோகோ கோலா ஆலைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை என்றார்கள். 2004இல் ஆலை மூடிக்கொண்டது. அந்தச் செய்தி எட்டாயிரம் மைலுக்கு அப்பால் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களின் காதுக்குப் போனது. அவர்கள் கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. புகார் மனுவும் எழுதினார்கள். அங்கே பொருள் விற்க வருகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பல்கலைக்கழகமே விதி வைத்திருந்தது. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். 2005 டிசம்பரில் பல்கலைக்கழகம் கோலா வாங்குவதை நிறுத்தியது. இந்தியாவில் சுதந்திரமான ஆய்வுக்கு நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகு, 2006 ஏப்ரலில்தான் மறுபடி வாங்கியது. டெல்லியின் டெரி நிறுவனம் அந்த ஆய்வைச் செய்து 2008இல் அறிக்கை தந்தது. ராஜஸ்தானின் காலாடெராவில் வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது முதல் ஆலையை மூடுவது வரை யோசிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

இரண்டாவது கதை நமக்குப் பக்கத்தில். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய மாணவர்கள் வெளிநாட்டுக் குளிர்பானம் வேண்டாம் என்றும் சொன்னார்கள். தாமிரபரணித் தண்ணீர் பாட்டிலில் போகும் கோபம் அப்போது ஊரெல்லாம் இருந்தது. வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் கோலாவும் பெப்சியும் விற்க மாட்டோம் என்று அறிவித்தன. பெரிய காரியம்தான். ஆனால் போகப் போக ஃபிரிட்ஜில் பழைய பாட்டில்கள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டன. மெரினாவில் நின்ற கூட்டம் மிச்சிகனில் கனவிலும் கூடாது. இருந்தும் அங்கே காகிதத்தில் ஒரு வரி இருந்தது, இங்கே இல்லை. கோபம் ஒரு பருவத்துக்குத்தான் தாங்கும். டெண்டர் வருஷா வருஷம் வரும்.

நம் ஊரில் விதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கல்லூரி கேன்டீன்களில் நொறுக்குத் தீனியை நிறுத்தச் சொல்லி 2016 நவம்பரிலும் 2018 ஆகஸ்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு சுற்றறிக்கை அனுப்பியது. தின்கிற பிள்ளையின் உடம்பைப் பற்றிய அக்கறை அது, நல்லதே. விளைவிக்கிறவனின் வயிற்றைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

என்ன மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். விலை ஏறும் என்பார்கள். காய்க்குக் கிலோ நான்கு ரூபாய் கூடக் கொடுத்தால் ஒரு பாக்கெட்டுக்கு 12 காசு ஏறும் என்று மேலே பார்த்தோம். மாங்காய் இரண்டு மாதம்தானே என்பார்கள். கூழ் டின்னில் வருஷம் முழுக்க இருக்கும்; பாலுக்கும் கடலைக்கும் வெல்லத்துக்கும் சித்தூர்ச் சீமையில் பஞ்சமே கிடையாது. பிள்ளைகள் பிராண்டைத்தான் கேட்பார்கள் என்பார்கள். கேட்கட்டும், எதையும் தடை செய்யச் சொல்லவில்லை. ஒரே அலமாரியில் இரண்டும் இருக்கட்டும், எது எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கட்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

ஒன்று, அடுத்த கேன்டீன் டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: பால், பழம், கடலை, வெல்லம் இந்த நான்குக்கும் எங்கே வாங்கியது என்பதற்கு ரசீது காட்ட வேண்டும்.

இரண்டு, வாடகையை மட்டும் வைத்துக் கடையைக் கொடுக்காமல், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ மகளிர் சுயஉதவிக் குழுவிடமோ நேராக வாங்குகிறவருக்கு மதிப்பெண் கொடுங்கள்.

மூன்று, கடையில் வேலை செய்பவர்களின் வயதும் கூலியும் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

நான்கு, ரசீதுகளை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்க ஒரு குழு போடுங்கள். அதில் பாதிப் பேர் மாணவர்களாக இருக்கட்டும். வணிகவியல் பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் வகுப்பில் கிடைக்காது.

1954இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உங்களுடையது. நீங்கள் ஒரு வரி எழுதினால் ஐஐடியும், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், சுற்றுவட்டாரத்துக் கல்லூரிகளும் அதை எடுத்துப் படிக்கும். என் மகளின் கல்லூரியும் படிக்கும். “அதில் இதெல்லாம் வராது” என்று அடுத்த தடவை சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கும்.

பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அது தெலுங்கில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல யாரையும் தேட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
குடிபாலா பக்கத்து மாந்தோப்புக்காரன்