சங்கிலி தேடுகிற கண்கள்

மண்ணூரில் ஷிப்டு முடிகிற நேரத்தில் ரோட்டோரம் நின்று பாருங்கள் தோழர்களே. கம்பெனி பஸ்ஸுகள் வரிசையாகப் போகும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று காரும் செல்போனும் செய்து உலகத்துக்கு அனுப்புகிற பூமி. இங்கே நின்று ‘கொத்தடிமை’ என்று சொன்னால் சிரிக்கிறார்கள். “அதெல்லாம் அந்தக் காலம்ப்பா!”

2019 ஜூலையில் இதே காஞ்சிபுரம் மாவட்டத்துக் கோனேரிக்குப்பத்திலும் வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த்துறை மீட்டது. இருளர்கள். குழந்தைகளும் அதில் உண்டு. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் அதிகாரிகளின் காலில் விழுந்தார். அந்தப் படத்தைப் பார்த்து நாடே உருகியது. உருகட்டும். அதுவரை அவரைப் பார்த்தவர்கள் யார் யார்? வெட்டின மரத்தை ஏற்றினவர் பார்க்கலையா? ஓட்டுக் கேட்டு வந்தவர் பார்க்கலையா? ஊர் பார்த்தது. ‘வேலை செய்றாங்க’ என்று பார்த்தது.

நாம் சங்கிலியைத் தேடுகிறோம். ஆண்டைக்கு இப்போது சங்கிலி தேவையில்லை, முன்பணம் போதும். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கின சில ஆயிரம். கணக்கு நோட்டு அவர் கையில், படிக்கத் தெரியாத கை இவருடையது. சாவுக்குப் போகணும்னாலும் கேட்கணும்; போனாலும் வீட்டில் ஒருத்தரை விட்டுட்டுப் போகணும். ரேஷன் கார்டு எங்கே என்றால் ‘ஓனர்கிட்ட’. நாம் கேட்கிற கேள்விக்கு இன்னொருத்தர் பதில் சொல்றார். வயசானவர் கதி இன்னும் மோசம். உடம்பு தளர்ந்தாலும் அவர் பேரில் உள்ள கடன் தளர்வதில்லை. உழைக்க முடியாத நாளில் கஞ்சி ஊற்றுவதையே ‘தர்மம்’ என்று காட்டுவார்கள்.

சட்டம் இதைவிடத் தெளிவாக இருக்கிறது. 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் விசாரிக்க வருகிற அதிகாரி முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு “உங்களை அடிக்கிறாங்களா?” என்று கேட்கிறார். “நல்லாத்தான் இருக்கோம் சாமி.” கோப்பு மூடப்படுகிறது. வேறென்ன சொல்வார்? ராத்திரி அங்கேதானே படுக்கணும்!

நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். நம் கூட்டங்களில் இருளர் எத்தனை பேர் மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? சேரியிலிருந்து நாலு வயல் தள்ளி இருக்கிற இருளர் குடிசைக்கு நாமே எத்தனை முறை போயிருக்கிறோம்? ஊர்க்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இது, நமக்கும் பொருந்துகிறபோது உறுத்துகிறது.

படிக்கிற தோழர்களுக்கு ஒன்று. சூளையிலோ அரிசி ஆலையிலோ தோப்பிலோ சந்தேகம் வந்தால் அங்கேயே சத்தம் போடாதீர்கள். ராத்திரியே குடும்பத்தை லாரியில் ஏற்றி மாற்றிவிடுவார்கள். விவரத்தைச் சப்-கலெக்டருக்கோ கலெக்டருக்கோ எழுத்தில் கொடுங்கள். ஆண்டை இல்லாத இடத்தில், ஆணையும் பெண்ணையும் கிழவரையும் தனித்தனியாக விசாரிக்கச் சொல்லுங்கள். மீட்ட பிறகு போட்டோ எடுத்ததும் பஸ் ஏறிவிடாதீர்கள். விடுதலைச் சான்று கைக்கு வந்ததா என்று பாருங்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் மறுவாழ்வுப் பணமும் வராது. பசி வந்தால் பழைய ஆண்டையிடமே புது முன்பணம் வாங்க வேண்டியிருக்கும்.