எலும்பிடுதல் அன்பாகுமா?

ஆரியசாலையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் கோழி வாங்கிச் சமைக்கும் நாளில், எஞ்சிய எலும்பை வீட்டிலுள்ள சிறுநாய்க்கு இடுவது நம்மில் பலரது வழக்கம். அதனை அன்பென்று எண்ணுகிறோம். என் கருத்தில் அஃது ஆபத்தே.

வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கக்கூடும். சிறுநாயின் தொண்டை குறுகியது. ஆதலால் இடர் மிகுதி. “தெருநாய்கள் தின்கின்றனவே!” என்பர் சிலர். எலும்பு சிக்கி மடிந்தவற்றை நாம் கணக்கில் கொள்வதில்லை.

கடித்தல் நாயின் இயல்பு. 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் முதல் 7 மாதங்களில் அவ்வியல்பு மிகும். அதனைத் தடுத்தல் முறையன்று. தக்க பொருளைத் தருதலே முறை.

தக்கது எது? நகத்தால் அழுத்தினால் சற்றே பதியவேண்டும். பதியாத கடும்பொருள் பல்லை உடைக்கும். முழுமையாக வாய்க்குள் அடங்காத அளவினதாக இருக்கவேண்டும். நாய்களுக்கெனச் செய்த ரப்பர்ப் பொருள் ஏற்றது. அது தேய்ந்து சிறிதானால் அகற்றிவிட வேண்டும். நாய் கடிக்கும்போது ஒருவர் அருகில் இருத்தல் நன்று.

தொண்டையில் சிக்கியதை வாய்திறந்து சொல்ல நாயால் இயலாது. எனவே, அது கேட்டதைக் கொடுப்பதினும் கேடில்லாததைக் கொடுப்பதே உண்மையான அன்பாகும்.