பங்களாவுக்குப் பாதுகாப்பு, லயத்துக்கு?

விக்டோரியா மகாராணி காலத்துத் துரை பங்களாக்கள் பல இன்று உல்லாச விடுதிகள். ஓடு மாற்றி, மரத்தளம் மெழுகி, "பழமை மாறாமல்" காக்கிறார்கள். லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் குடிசையில் மிஞ்சிய புகைபோக்கியைக்கூட உல்லாசப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். காட்டட்டும். பங்களாவை இடிக்கச் சொல்லவில்லை நாம். அதற்குக் கல் சுமந்தது நம் பாட்டன் பூட்டன்தானே.

அந்தக் காலத்து லயமும் பழமை மாறாமல்தான் நிற்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, புகை படிந்த சுவர், ஒழுகும் தகரம். அதற்குள் இன்னும் நம் குடும்பங்கள் இருக்கின்றன! பங்களாவில் ஓர் ஓடு விலகினால் அன்றே ஆள் வரும். லயத்துத் தகரத்துக்கு மனு எழுதியே நம் தலைவர்மாருக்குக் கை ஓய்ந்துவிட்டது.

எல்லா லயக் குடும்பங்களுக்கும் 7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் வீடும் கொடுங்கள். பிறகு தோட்டத்துக்கு ஒரு லயத்தை, அதில் வாழ்ந்தவர்களின் பெயர் பொறித்து, நினைவுச்சின்னமாக வையுங்கள். இதை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். பழைய பெயர்கள் தெரிந்த பெரியவர்கள் இப்போதே தோட்டத் தலைவரிடம் சொல்லி எழுதி வையுங்கள்.