சீன ஊசி குத்தினால் முதுகு வலி போகுமா?

தோட்டத்தில் 'ஊசி' என்றால் நமக்குத் தெரிந்தது டிரெஸர் போடும் ஊசிதான். அது மருந்தை உடம்புக்குள் ஏற்றுகிற ஊசி. சீன வைத்தியர் குத்துவது அதுவல்ல. அதில் மருந்தும் கிடையாது, துவாரமும் கிடையாது. தையல் ஊசியைவிட மெல்லிய ஒரு கம்பி, அவ்வளவுதான். அக்குபங்சர் என்பது அதற்குப் பெயர்.

"மருந்தே இல்லாத ஊசி எப்படிண்ணே வலியப் போக்கும்?" என்று செம்பனை வெட்டும் தம்பிமார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால், "சிஞ்சேகிட்ட பத்து தடவ குத்திக்கிட்டா இனிப்பு நீரே போயிடுமாம், மாத்திரையே வேணாமாம்" என்று பேசிக்கொள்ளும் அக்காமார்களும் நம்மிடையே உண்டு. இந்தப் பேச்சுத்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

உடம்பில் 'ச்சி' என்ற உயிர்ச்சக்தி பாதைகளின் வழியே ஓடுகிறது, அது தடைப்பட்டால் வலி, தடையை ஊசி திறந்து விடுகிறது என்று சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சீனர்கள் சொல்லி வருகிறார்கள். குத்துவதற்கு 361 இடங்கள் உண்டு. உடலை அறுத்துப் பார்த்தவர்கள் எவரும் அந்தப் பாதைகளைக் கண்டதில்லை. ஆனால் நரம்பைக் கண்டிருக்கிறார்கள். சதையில் ஊசி இறங்கியதும் நரம்பு வழியாகச் செய்தி தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகிறது. மூளையோ 'எண்டார்ஃபின்' என்ற வலியடக்கும் பொருளைச் சுரக்கிறது. முழங்கால் எங்காவது இடித்துக்கொண்டால் உடனே கையால் தேய்த்து விடுகிறோம் அல்லவா? வலிக்கும் செய்திக்குத் தண்டுவடத்தில் ஒரு கதவு உண்டு, வேறு உணர்ச்சி போனால் அந்தக் கதவு பாதி மூடிக்கொள்ளும் என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் விளக்கினார்கள். ஊசியின் வேலையிலும் இதற்குப் பங்கு இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

சரி, பலன் உண்டா? ஜெர்மனியில் இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு முறைப்படி சரியான இடத்தில் ஊசி. இன்னொரு பிரிவுக்கு வேண்டுமென்றே வேறு இடத்தில், மேலோட்டமாக ஊசி. மூன்றாம் பிரிவுக்கு மாத்திரை, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சரியான ஊசி பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 48 பேருக்குக் குணம் தெரிந்தது. தவறான இடத்தில் குத்தப்பட்டவர்களில் 44 பேர். வழக்கமான சிகிச்சையில் 27 பேர்தான்.

இந்தக் கணக்கை நன்றாக யோசித்துப் பாருங்கள். எந்த இடத்தில் குத்துவது என்பது வைத்தியர்கள் சொல்லுமளவுக்குப் பெரிய விஷயமில்லை. குத்துவது, அரை மணி நேரம் நிம்மதியாகப் படுத்திருப்பது, ஒருவர் நம் வலியைக் காது கொடுத்துக் கேட்பது, நம்பிக்கை எல்லாம் சேர்ந்தே வேலை செய்கின்றன போலும். அதற்காக 'எல்லாம் ஏமாற்று வேலை' என்று ஒதுக்குவதையும் நான் ஏற்கமாட்டேன். காண்டா வாளி சுமந்து தோள் போனவர்களுக்கும், நாள் முழுவதும் அண்ணாந்து குலை வெட்டிக் கழுத்துப் பிடித்துக்கொண்டவர்களுக்கும் ஓரளவு வலி குறைந்தாலே பெரிய காரியம். ஆனால் பாதிப் பேருக்கு மேல் அந்தப் பலனும் கிட்டவில்லை என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும். பிறகு அந்த இடம் கனத்து, மதமதவென்று ஆகும். இருபது முப்பது நிமிடம் ஊசியோடு படுத்திருக்க வேண்டும். வாரம் ஒன்றிரண்டு தடவையாகப் பத்துத் தடவை வரை போகச் சொல்வார்கள். ஆறு தடவை போயும் கொஞ்சம்கூட மாற்றமில்லை என்றால் மிச்சக் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சிறிது ரத்தம் கசியலாம், கன்றிப் போகலாம். வேலைக்காட்டிலிருந்து வெறும் வயிற்றோடு நேரே போகாதீர்கள், மயக்கம் வரும். ஊசி புதுப் பாக்கெட்டிலிருந்து உங்கள் கண் முன்னே பிரிக்கப்பட வேண்டும். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி வந்து சேரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெஞ்சு, மேல்முதுகுப் பக்கம் குத்திய பின் மூச்சுத் திணறினால் நேராக ஆஸ்பத்திரி.

இனிப்பு நீருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரையை எந்த ஊசியை நம்பியும் நிறுத்தாதீர்கள். வாதம் அடித்து வாய் கோணினால் சிஞ்சேயிடம் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதல் நாலரை மணி நேரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு உரியது. முதுகு வலியோடு கால் மரத்துப் போய், சிறுநீர் அடங்காமல் போனாலும் அப்படியே.

கடைக்காரர் சிஞ்சேதான் கதி என்றும் இல்லை. 2007-ல் கெப்பாளா பத்தாஸ் அரசாங்க ஆஸ்பத்திரியில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் வேறு சில அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் வந்தது. நாள்பட்ட வலிக்கும், வாதத்துக்குப் பிந்திய சிகிச்சைக்கும் அங்கே இந்த ஊசி உண்டு. கிளினிக் டாக்டரிடம் கடிதம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், இது சம்பளத்தைத் தொடுகிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு வருஷத்துக்குக் கீழ் வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாள், ஐந்து வருஷம் வரை 18, அதற்கு மேல் 22. ஆனால் பதிவு பெற்ற டாக்டரின் சீட்டு வேண்டும். சிஞ்சே கொடுக்கும் துண்டுச் சீட்டைக் கிராணி ஏற்கமாட்டார், அன்றைய சம்பளம் போனதுதான்.

இருபது கிலோ குலையைத் தினமும் தூக்குகிற முதுகு, இன்று ஊசியால் ஆறினாலும் நாளைக்கு மறுபடி வலிக்கத்தான் செய்யும். தொழிலால் வரும் நோய்க்கும் 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தில் இடமுண்டு. ஆகவே டாக்டரிடம் போகும்போது "முதுகு வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எத்தனை வருஷமாக, என்ன வேலை, எவ்வளவு பாரம் என்பதையும் சொல்லி, அதை உங்கள் கார்டில் எழுதச் சொல்லுங்கள். சொக்சோவுக்கு மனுப் போடும்போது அந்தக் குறிப்பு கையில் இருக்க வேண்டும்.