ஸ்லோ ஸ்பீடைக் கூட்டாதீர்கள்

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களில் பாதிப் பேருக்கு ஒரே புகார்தான். ரோட்டில் நன்றாக ஓடுகிறது. சிக்னலில் நின்றால் உதறுகிறது. பச்சை விழும் நேரம் பார்த்து ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுப்பதில்லை. மறுநாள் காலை மெக்கானிக் கடை. அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கார்பரேட்டரில் அரைத் திருகு திருகுவார். "ஸ்லோ ஸ்பீடு கம்மியா இருந்துச்சு சார், கூட்டி வெச்சிட்டேன்." ஒரு வாரம் கார் ஒழுங்காக நிற்கும். பிறகு மறுபடி அதே சிக்னல், அதே ஹாரன்.

இந்த வைத்தியத்தின் மேல் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று போகும் வழியை த்ராட்டில் தட்டு ஏறக்குறைய முழுதாக மூடிவிடும். இன்ஜின் நிமிடத்துக்கு 800, 900 சுற்று என்ற அளவில், மிகக் கொஞ்சம் காற்றையும் பெட்ரோலையும் வைத்துக்கொண்டு உயிரோடு இருக்க வேண்டும். 3,000 சுற்றில் ஓடும்போது ஒரு பிளக் சோம்பினாலும், எங்கோ ஓர் ஓட்டை வழியாகக் காற்று புகுந்தாலும் வேகத்தில் அது அமுங்கிப்போகும். ஸ்லோ ஸ்பீடில் அப்படி அமுங்க இடமில்லை. கேஸ் அடுப்பை சிம்மில் வைக்கும்போதுதானே பர்னர் அடைப்பு தெரிகிறது!

ஆக, உதறல் என்பது இன்ஜின் கொடுக்கும் புகார் மனு. ஸ்க்ரூவைத் திருகினால் மனு கிழிகிறது, குறை அப்படியே இருக்கிறது. கூடவே பெட்ரோல் செலவு ஏறும். சில பழைய கார்கள் சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் சில நொடி 'டுக் டுக்' என்று தானாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்லோ ஸ்பீடை அளவுக்கு மீறிக் கூட்டி வைத்திருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

என் சித்தப்பாவிடம் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்பரேட்டர் வண்டி. மூன்று சிலிண்டர் என்பதால் நல்ல நிலையிலேயே லேசாக அதிரும். போன வருடம் அந்த அதிர்வு உதறலாகி, நிற்கும் இடத்திலெல்லாம் ஆஃப் ஆக ஆரம்பித்தது. ஒரு கடையில் பிளக்குகளை மாற்றினார்கள். இன்னொரு கடையில் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். வேறொருவர் பெட்ரோல் பம்பையே புதிதாகப் போட்டார். உதறல் மட்டும் போகவில்லை. கடைசியில் மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருக்கும் பாயிடம் போனோம்.

பாய் பானட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்வி.

"காலைல மொத ஸ்டார்ட்ல ஆஃப் ஆகுதா, சூடானப்புறமா?"

"ரெண்டுலயும்தான் பாய்," என்றார் சித்தப்பா.

"மழை பெஞ்சா ஜாஸ்தியாகுதா?"

"இல்லையே."

"சோக்கை இழுத்து வெச்சுப் பாத்தீங்களா?"

"கொஞ்சமா இழுத்து வெச்சா நல்லா நிக்குது. அப்படித்தான் வீடு வரைக்கும் ஓட்டிட்டு வர்றேன்."

"அப்ப எங்கயோ ஏர் இழுக்குது சார்."

கணக்கு எளிது. சோக்கை இழுத்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். அப்போது உதறல் அடங்குகிறது என்றால் பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது காற்று அதிகமாகப் புகுகிறது. ஐடில் ஜெட் அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். ஆனால் கார்பரேட்டரை ஏற்கெனவே கழுவியாகிவிட்டது. மிச்சம் காற்று. பாய் குறட்டின் வாயில் துணியைச் சுற்றிக்கொண்டு, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நெரித்தார். ஒன்றை நெரித்ததும் இன்ஜின் சத்தம் சட்டென்று சீரானது. விட்டார், உதறியது. மறுபடி நெரித்தார், அடங்கியது. கழற்றிக் கையில் கொடுத்தார். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஹோஸ். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. வளைத்தால் அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு வாய் திறக்கிறது. புது ஹோஸின் விலை, அதற்கு முன் மாற்றிய பிளக்குகளின் விலையில் பாதிகூட இல்லை.

பாயிடம் இருந்த பெரிய கருவி 'எப்போது' என்ற கேள்விதான். காலையில் குளிர்ந்த நிலையில் மட்டும் ஆஃப் ஆகிறதா? கார்பரேட்டர் வண்டி என்றால் சோக்கைப் பாருங்கள். கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள எம்பிஎஃப்ஐ என்றால் கூலன்ட் சூட்டைச் சொல்லும் சென்சாரையும் ஐடில் வால்வையும் பாருங்கள். நன்றாகச் சூடானபின் ஆஃப் ஆகி, அரை மணி ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறதா? இக்னிஷன் காயில் அல்லது கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வையுங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் பூஸ்டரோ அதற்குப் போகும் ஹோஸோ ஒழுகுகிறது. மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் பிளக் ஒயரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும்; இருட்டில் பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால் ஒயரிலிருந்து பொறி தாவுவதைச் சில சமயம் கண்ணாலேயே பார்க்கலாம், கை மட்டும் வைக்காதீர்கள். ஏசி போட்டால் ஆஃப் ஆகிறது என்றால், அந்தக் கூடுதல் சுமைக்கு ஏற்ப ஸ்பீடைத் தூக்கும் ஏற்பாடு வேலை செய்யவில்லை. ரோட்டில் ஓடும்போதும் இழுவை இல்லை என்றால் இது ஸ்லோ ஸ்பீடு விவகாரமே அல்ல. பெட்ரோல் ஃபில்டரிலிருந்து தொடங்க வேண்டும்.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறியுமுன் அதன் முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் கலவை சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளை வெளேர் என்றிருந்தால் காற்று அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கலாம், செலவு பெரிது.

எம்பிஎஃப்ஐ கார்களில் ஸ்லோ ஸ்பீடைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அங்கே வழக்கமான குற்றவாளி, த்ராட்டில் பாடியிலும் ஐடில் வால்விலும் படியும் கரி. அதற்கான ஸ்ப்ரே போட்டுத் துடைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். ஏர் லீக் இருந்தால் ஸ்பீடு ஏறி இறங்கி ஊசலாடுவதும் உண்டு. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரைப் பிடுங்கும் பழைய வழக்கத்தை இந்தக் கார்களில் அனுமதிக்காதீர்கள், காயில் போய்விடும். இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றினாலே தெரிந்துவிடும். ஸ்கேனர் போட்டால் ஒரு எரர் கோட் வரும். ஆக்சிஜன் சென்சார் என்று அதில் வந்தால் உடனே சென்சாரை மாற்றச் சொல்வார்கள். கலவை கெட்டிருப்பதைச் சொன்ன பாவத்துக்கு நல்ல சென்சார் குப்பைக்குப் போகும்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2023-இல் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று ஏறக்குறைய எல்லா பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பரையும் கேஸ்கெட்டையும் பதம் பார்க்கும். டேங்கின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பும். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று மத்திய அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பதினைந்து, இருபது வயதான கார் என்றால் பெட்ரோல் ஹோஸ்களை ஒருமுறை மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. அங்கே ஒழுகினால் ஆஃப் ஆவதோடு முடியாது, தீப்பிடிக்கும்.

இன்னொன்று. ஓடும்போதே இன்ஜின் நின்றுவிட்டால் பூஸ்டரில் மிச்சமுள்ள வேக்கம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அப்புறம் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங் கனக்கும். பதறாமல் பிரேக்கை அழுத்தி மிதித்து ஓரம் கட்டுங்கள். சாவியை வெளியே எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

எங்கே தொடங்குவது என்றால், காசு கம்மியான இடத்தில். ஹோஸ், ஏர் ஃபில்டர், பிளக், ஒயர், த்ராட்டில் பாடி, பெட்ரோல் ஃபில்டர். அதற்குப் பிறகு டேப்பெட் இடைவெளி, கம்ப்ரஷன். இன்ஜின் சத்தம் சீராக இருந்து பாடி மட்டும் அதிர்ந்தால் மவுண்டிங் ரப்பரை மாற்றினால் போதும்.

வண்டியைக் கடையில் விடுமுன், எப்போதெல்லாம் ஆஃப் ஆகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். சீட்டைப் படிக்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.