வால்யூமைக் கூட்டுவது வைத்தியம் ஆகாது

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து போன் செய்தான். ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. "சார், எஃப்டி8 ஒரு வாரமா வேலை செய்யல. சவுண்ட் கார்டு போயிடுச்சுன்னாங்க, புதுசு வாங்கி மாட்டிட்டேன். விண்டோஸையும் ரெண்டு தடவை போட்டாச்சு. ரேடியோவையே வித்துடலாம்னு இருக்கேன்" என்றான்.

இது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஃப்டி8 என்பது கணினி வழியாக வானொலியில் பேசும் முறை. ரேடியோ பிடிக்கும் ஒலி ஒரு கேபிள் வழியாகக் கணினியின் சவுண்ட் கார்டுக்குப் போகும். மென்பொருள் அதை எழுத்தாக்கும். அனுப்பும்போது அதே பாதை தலைகீழ். 15 நொடிக்கு ஒருவராக மாறி மாறி அனுப்ப வேண்டும். ஒருவருக்குத் தேவையான அகலம் வெறும் 50 ஹெர்ட்ஸ். 2017-ல் இதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜோ டெய்லர், 1993-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். காதுக்கே எட்டாத சிக்னலையும் இது படித்துவிடும்.

மறைமலைநகருக்கு அடுத்த ஸ்டேஷன்தானே, நேரில் போனேன். மென்பொருளைத் திறக்கச் சொல்லி, லேப்டாப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினேன். திரையில் பளிச்சென்று ஒரு கோடு! அது ரேடியோவைக் கேட்கவே இல்லை, அறையைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு அப்டேட்டில் உள்ளீடு லேப்டாப் மைக்குக்கு மாறியிருக்கிறது. விண்டோஸை மறுபடி போட்டபோதும் அந்த மைக்கே தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. புதிதாக வாங்கிய கார்டை யாரும் தேர்ந்தெடுக்கவே இல்லை. சரிசெய்ய இரண்டு நிமிடம். அதற்குள் ஒரு வாரமும் பல ஆயிரமும் போய்விட்டன.

என் கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. "வால்யூமைக் கூட்டு, ரீஸ்டார்ட் பண்ணு, புதுசு வாங்கு" என்று மூன்றே மருந்து வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கும் நம் பழக்கத்தின் மேல்தான்.

ஒலி நடந்து போகும் பாதை ஒன்று இருக்கிறது. பழுது அந்தப் பாதையில் எங்கோ ஓர் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கிப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். ரேடியோ ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கிறதா? கேட்டால் ஆன்டெனா பக்கம் பெரும்பாலும் சரி. மென்பொருளின் அளவுமானி அசைகிறதா? அசையாவிட்டால் கேபிளையும் உள்ளீட்டுத் தேர்வையும் பார். வெறும் இரைச்சலுக்கு அது 30 டெசிபெல் அருகே நின்றால் போதும். திரையில் கோடுகள் தெளிவாக விழுந்தும் எழுத்து வரவில்லையா? ஒலியைத் தொடாதே, கணினியின் கடிகாரத்தைப் பார். சில நொடி பிசகினாலும் எஃப்டி8 வாய் திறக்காது. அனுப்பும்போது மட்டும் யுஎஸ்பி துண்டிக்கிறதா? பவரை 5 வாட்டுக்குக் குறை. பழுது மறைந்தால், உன் ஆன்டெனாவின் அலையே கேபிளுக்குள் ஏறுகிறது என்று அர்த்தம். கேபிளில் ஒரு ஃபெரைட் வளையம் போடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை. இவ்வளவுதான் வித்தை.

அனுப்பும் ஒலியைக் கூட்டினால் தூரம் போகும் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. ரேடியோவில் ஏஎல்சி முள் எழும்பும், சிக்னல் சிதையும். 700 ஹெர்ட்ஸில் அனுப்பினால் 1400-லும் 2100-லும் பேய் நிழல் விழும். 14.074 மெகாஹெர்ட்ஸில் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் இடத்தை உலகமே பங்குபோட்டுக்கொள்கிறது. அதில் நம் நிழல் பக்கத்து ஆள் தலைமேல் விழுந்தால் எப்படி? நானும் யோக்கியன் இல்லை. என் கணினியின் 'டிங்' என்ற அறிவிப்புச் சத்தம் சில நாள் வானலையில் போய்க்கொண்டிருந்தது. கேட்ட ஒரு நண்பர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"என் ஒரு மணி நேரச் சம்பளத்தைவிட சவுண்ட் கார்டு மலிவு சார்" என்று சென்னையில் வேலை பார்க்கும் தம்பிகள் கேட்பார்கள். சரி. ஆனால் தப்பான அமைப்பு புதுப் பொருளிலும் தப்பாகத்தானே இருக்கும்? தவிர, சர்வதேச வானொலி விதிகள் அமெச்சூர் சேவைக்குச் சொல்லும் நோக்கங்கள் மூன்று: சுயபயிற்சி, ஒருவரோடு ஒருவர் தொடர்பு, தொழில்நுட்ப ஆய்வு. சுயபயிற்சிதான் முதலில் நிற்கிறது. வாங்குவது அந்தப் பட்டியலில் இல்லை.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அம்மையார் ஹாம் நிலையம் நடத்த அந்தமான் போயிருந்தார். 26-ம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி செத்தபோது அவருடைய ரேடியோதான் தீவுக்கும் நாட்டுக்கும் பாலமாக நின்றது. அதே அலைதான் நம் மாமல்லபுரம், கல்பாக்கம் கரையிலும் ஏறியது. 2016 வர்தா புயலில் நமக்குக் கரண்டும் செல்போனும் இல்லாத நாட்களை மறந்துவிட்டீர்களா? அப்படிப்பட்ட நாளில் ரேடியோ மக்கர் செய்தால் எந்தக் கடையைத் திறக்கச் சொல்வோம்?

கடைசியாக ஒரு வாக்குமூலம். இந்தப் பழக்கத்தில் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. ஓம் விதி சோதனையில் விடையை முதலில் எழுதி, ரீடிங்கை அதற்கேற்பப் பின்னாலிருந்து நிரப்பினீர்கள். தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். மீட்டர் ஏன் வேறு காட்டுகிறது என்று கேட்க உங்களுக்கு ஒரு பீரியடு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அந்தக் கடனை இப்போது அடைக்கப் பார்க்கிறேன்.

வீட்டுப்பாடம்: அடுத்த முறை வீட்டில் எது பழுதானாலும், கடைக்குப் போகுமுன் அரை மணி நேரம் பேப்பரும் பேனாவுமாக அதன் முன்னால் உட்காருங்கள். உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அந்தத் தம்பி ரேடியோவை விற்கவில்லை. நேற்று ராத்திரி, "இந்தோனேசியா கிடைச்சுது சார்" என்று மெசேஜ் போட்டிருக்கிறான்.